கடைப் பையன் பேனா மன்னர் ஆனார்!

தென்காசியில் கடை பார்த்த சிறுவர், தமிழ்த் தினசரிப் பத்திரிகையைத் தெருவுக்குத் தெரு கொண்டு சென்ற வரலாறு

ராஜபாளையத்துக்கு மேற்கே, சுமார் 10 கிலோ மீட்டர் தூரத்தில், மலை அடிவாரத்தில் இருக்கிறது அய்யனார் கோவில்.

மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு, கோவிலை ஒட்டி ஓடுகிறது. இங்குள்ள சாமிக்கு "நீர் காத்த அய்யனார்" என்று பெயர்.

அமாவாசை வந்துவிட்டால் போதும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேருவார்கள். ஆற்றில் குளிப்பார்கள். சாமி கும்பிடுவார்கள். பிறகு மர நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிப்பார்கள்.

சோற்றுப் பொட்டலத்தைச் சுற்றிப் பழைய பத்திரிகைத் தாள் இருக்கும். எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தாளில் உள்ள செய்தியைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கும். பக்கத்தில் இருக்கும் பாட்டி காது கொடுத்துக் கேட்பாள்.

இது சாதாரணக் காட்சி. யாரும் இதைப் பெரிதாக நினைப்பதில்லை.

ஆனால், நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் காட்சியை எளிதில் காண முடியாது. அன்று மலையடிவாரத்துக் கிராமங்களில் பத்திரிகை என்பது அபூர்வப் பொருள். படிக்கத் தெரிந்தவர்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான். அவர்கள் கைக்கு வந்த பத்திரிகைகளிலும், பண்டிதர் நடை பலருக்குப் புரியாது.

தமிழ்ப் பத்திரிகை சாதாரண ஜனங்களின் கைக்கு வந்ததற்குக் காரணமானவர்கள் சிலர். அவர்களில் ஒருவர் இதே மலைத்தொடரின் அடிவாரத்தில் பிறந்தவர்.

ராஜபாளையத்திலிருந்து மலையை வலப்புறம் வைத்துக்கொண்டு தெற்கே போனால் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று ஊர்கள் வரும். அதற்கு அப்பால் தென்காசி. அதுதான் அவருடைய ஊர்.

அவர் பெயர் டி. எஸ். சொக்கலிங்கம். தமிழ்நாடு அவரைப் "பேனா மன்னர்" என்று அழைத்தது.

படம் இல்லாத காலம்

இப்போது உலகத்தில் எது நடந்தாலும் டெலிவிஷனில் பார்க்கிறோம். செய்தியைச் சொல்ல ஒருவர் வருகிறார். அதற்கு விளக்கம் சொல்ல இன்னொருவர் வருகிறார். "இதனால் உங்களுக்கு என்ன லாபம், என்ன நஷ்டம்" என்று எடுத்துச் சொல்கிறார்.

சென்னையில் டெலிவிஷன் நிலையம் வந்தது 1975-ம் ஆண்டில். திருச்சியில் ரேடியோ நிலையம் வந்ததே 1939-ம் ஆண்டில்தான்.

அதற்கு முன்னால் செய்திக்கு விளக்கம் சொன்னது யார்? பத்திரிகையின் தலையங்கம்தான்! படமும் இல்லை, குரலும் இல்லை. வெறும் எழுத்தைக் கொண்டே ஜனங்களுக்கு உலகத்தைக் காட்ட வேண்டும். அந்த வேலையைத்தான் சொக்கலிங்கம் தம் வாழ்நாள் முழுவதும் செய்தார்.

பிறந்த ஆண்டின் விசேஷம்

சொக்கலிங்கம் 1899-ம் ஆண்டு மே 3-ந் தேதி தென்காசியில் பிறந்தார். தந்தை சங்கரலிங்கம் பிள்ளை. தாயார் லட்சுமி அம்மாள்.

அந்த ஆண்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. அதுவரை வேறு விதமாக வெளிவந்துகொண்டிருந்த "சுதேசமித்திரன்" பத்திரிகை, 1899-ம் ஆண்டில்தான் தினசரியாக மாறியது. தமிழ்த் தினசரிக்கும் சொக்கலிங்கத்துக்கும் வயது ஒன்றே!

குடும்பத்துக்கு ஊரில் கடை இருந்தது. சொக்கலிங்கத்துக்கு ஓர் அண்ணன். அவர் பெயர் சிதம்பரம் பிள்ளை. (கப்பல் ஓட்டிய சிதம்பரம் பிள்ளை வேறு, இவர் வேறு.) அண்ணன் கடையைக் கவனித்தார். தம்பி பள்ளிக்கூடம் போனார்.

வாழ்க்கை இப்படியே போயிருந்தால், சொக்கலிங்கம் படித்துப் பட்டம் பெற்று ஏதாவது ஒரு உத்தியோகத்தில் அமர்ந்திருப்பார். ஆனால், அவருக்கு 12 வயது நடந்தபோது ஒரு துப்பாக்கி வெடித்தது.

மணியாச்சியில் கேட்ட வெடி

1911-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் ரயிலில் போய்க்கொண்டிருந்தார். மணியாச்சி சந்திப்பில் ரயில் நின்றது. செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் என்ற இளைஞர் பெட்டிக்குள் ஏறி, கலெக்டரைச் சுட்டார். பிறகு தம்மையும் சுட்டுக்கொண்டு இறந்தார்.

வெள்ளைக்காரச் சர்க்கார் ஆத்திரம் கொண்டது. செங்கோட்டை, தென்காசி, தூத்துக்குடி என்று ஊர் ஊராகப் போலீசார் சோதனை போட்டனர். யார் வாஞ்சியோடு பேசினார்கள், யார் அவருக்குச் சோறு போட்டார்கள் என்று தேடித் தேடிப் பிடித்தனர்.

முடிவில் 14 பேர் மீது சென்னை ஹைகோர்ட்டில் வழக்கு நடந்தது. அந்த 14 பேரில் ஒருவர், சொக்கலிங்கத்தின் அண்ணன் சிதம்பரம் பிள்ளை!

கலெக்டர் கொலை வழக்கில் ஒருவர் சிக்கினால் அந்தக் குடும்பத்தின் கதி என்னவாகும்? சொந்தக்காரர்கள்கூட வாசலில் நின்று பேசப் பயப்படுவார்கள். வக்கீலுக்குப் பணம் வேண்டும். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

அண்ணன் உட்கார்ந்த இடத்தில் தம்பி உட்கார வேண்டியதாயிற்று. சொக்கலிங்கம் படிப்பை நிறுத்திவிட்டுக் கடைக்கு வந்தார்.

கடையே பள்ளிக்கூடம்

பள்ளிப் படிப்பு நின்றது. ஆனால், வேறு ஒரு படிப்பு தொடங்கியது.

கடைக்கு வருகிறவர்கள் பல ரகம். உழவர் வருவார், வண்டிக்காரர் வருவார், நெசவாளி வருவார். காலணாவுக்குச் சாமான் வாங்கிக் கால் மணி நேரம் பேசுகிறவர்களும் உண்டு. அவர்களோடு பேசத் தெரிந்தால்தான் கடை நடக்கும். சுற்றி வளைத்துப் பேசினால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

பின்னாளில் சொக்கலிங்கம் எழுதிய தமிழ் இந்த ஜனங்களின் தமிழ். பண்டிதருக்கு மட்டும் புரியும் தமிழ் அல்ல. கல்லாப் பெட்டிக்கு முன்னால் நின்று பேசும் மனிதனுக்குப் புரியும் தமிழ். கல்லூரியில் சொல்லிக் கொடுக்காத பாடம் அது!

அவருக்கு 21 வயதானபோது, நாடு கொந்தளித்துக் கொண்டிருந்தது. காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கினார். வக்கீல்கள் கோர்ட்டை விட்டார்கள். மாணவர்கள் கல்லூரியை விட்டார்கள். சொக்கலிங்கமும் தேசத் தொண்டில் இறங்கினார்.

சேலத்துக்கு அழைப்பு

அந்த நாளில் சேலத்தில் டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு என்ற பெரிய தேசபக்தர் இருந்தார். அவர் பேசுகிறார் என்றால் கூட்டம் அலைமோதும். அவர் "தமிழ்நாடு" என்ற பத்திரிகையை நடத்தினார். பிற்பாடு அது சென்னையிலிருந்து தினசரியாகவும் வந்தது.

அந்தப் பத்திரிகையில் சொக்கலிங்கம் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய பத்திரிகை வாழ்க்கை அங்கேதான் ஆரம்பமாயிற்று.

அன்று தேசியப் பத்திரிகையில் வேலை பார்ப்பது சுகமான காரியம் அல்ல. சம்பளம் குறைவு. அதுவும் மாதா மாதம் வரும் என்று உறுதி இல்லை. இன்று பத்திரிகை அலுவலகம், நாளை சிறைச்சாலை என்ற நிலைமை. ஆனால், சொக்கலிங்கம் பயப்படவில்லை. அண்ணனைச் சிறைக்கு அனுப்பிப் பார்த்த வீட்டில் வளர்ந்தவர் அல்லவா!

காலணாவுக்குக் "காந்தி"

1930-ம் ஆண்டு உப்பு சத்தியாக்கிரகம் வந்தது. காந்தியடிகள் தண்டிக்கு நடந்தார். ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். தமிழ்நாட்டு மூலை முடுக்குகளில் எல்லாம், அடுத்து என்ன நடக்கும் என்று ஜனங்கள் தவித்தார்கள்.

ஆனால், ஓரணா கொடுத்துப் பத்திரிகை வாங்க ஏழைக்கு ஏது வசதி? ஒரு நாள் கூலியில் பத்திரிகைக்கென்று எடுத்து வைக்க முடியுமா?

சொக்கலிங்கம் ஒரு வழி கண்டுபிடித்தார். "காந்தி" என்ற பெயரில் சொந்தமாகப் பத்திரிகை தொடங்கினார். விலை காலணா!

அன்றைய கணக்கு இக்காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவில் நான்கில் ஒரு பங்கு காலணா. அதாவது ஒரு ரூபாய்க்கு 64 "காந்தி" வாங்கலாம்.

கடையில் காலணா வியாபாரத்தைப் பார்த்துப் பழகியவருக்கு, ஏழையின் பையில் என்ன இருக்கும் என்று தெரியாதா?

பத்திரிகை நடத்துகிறவர்களைச் சர்க்கார் அப்போது ஜாமீன் தொகை கேட்டு மிரட்டியது. சர்க்காருக்குப் பிடிக்காததை எழுதினால், கட்டிய பணம் போய்விடும். அச்சகத்தையும் இழக்க நேரும். அந்தக் கத்தி தலைமேல் தொங்கும்போதுதான் தேசபக்தர்கள் எழுதினார்கள்.

"காந்தி" பத்திரிகையால் தமிழ் இலக்கியத்துக்கும் ஒரு லாபம் கிடைத்தது. 1933-ம் ஆண்டில் திருநெல்வேலியைச் சேர்ந்த ஓர் இளைஞர் எழுதிய கட்டுரை அதில் வெளியாயிற்று. அவர் எழுதி அச்சில் வந்த முதல் எழுத்து அதுதான். அந்த இளைஞர்தான் சிறுகதை மன்னர் புதுமைப்பித்தன்!

"மணிக்கொடி" பறந்தது

1933-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 17-ந் தேதி, சென்னையிலிருந்து "மணிக்கொடி" என்ற வாரப் பத்திரிகை வெளிவந்தது.

அதைத் தொடங்கியவர்கள் மூன்று நண்பர்கள். ஒருவர் ஸ்டாலின் சீனிவாசன். இன்னொருவர் வ. ரா. என்று எல்லோரும் அழைத்த வ. ராமசாமி. மூன்றாமவர் சொக்கலிங்கம்.

லண்டனில் படித்தவர்கள் விரும்பிப் படிக்கும் "அப்சர்வர்" போன்ற ஒரு பத்திரிகை தமிழிலும் வர வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஆங்கிலத்தில் சொல்லக்கூடிய எந்த விஷயத்தையும் தமிழில் சொல்ல முடியும் என்று நிரூபிக்க நினைத்தார்கள்.

ஆசை பெரிது. ஆனால் கையில் காசு இல்லை. மூவரும் பிரிந்து வேறு வேறு வேலைக்குப் போக நேர்ந்தது. பிறகு பி. எஸ். ராமையா 1935-ம் ஆண்டில் அதைச் சிறுகதைப் பத்திரிகையாக நடத்தினார். தமிழ்ச் சிறுகதை வரலாற்றில் "மணிக்கொடி"க்கு அழியாத இடம் கிடைத்தது. கொடிக் கம்பம் நட்டவர்களில் சொக்கலிங்கமும் ஒருவர்.

பாரதி நாளில் பிறந்த தினசரி

1934-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி பாரதியாரின் நினைவு நாள். அந்த நாளில் சென்னையில் ஒரு புதிய தினசரி உதயமாயிற்று. அதுதான் "தினமணி".

பத்திரிகைக்குப் பெயர் வைக்கப் பொது ஜனங்களுக்குப் போட்டி வைத்தார்கள். பரிசு 10 ரூபாய். ஒரே பெயரை எழுதிய இருவர் பரிசைப் பங்கிட்டுக் கொண்டார்கள்.

பத்திரிகையைத் தொடங்கியவர் சதானந்த். முதல் ஆசிரியர் சொக்கலிங்கம். அவருக்குத் துணையாக இருந்தவர் ஏ. என். சிவராமன். சில காலத்தில் பத்திரிகை ராம்நாத் கோயங்காவின் கைக்கு வந்தது.

கடையில் தராசு பிடித்த பையன், 35 வயதில் ஒரு தினசரியின் ஆசிரியர் ஆனார்!

ஊர் உறங்க விழித்திருப்பவர்

அய்யனார் காவல் தெய்வம். ஊர் எல்லையில் இருந்துகொண்டு, ஜனங்கள் தூங்கும் நேரத்தில் தூங்காமல் காவல் காப்பார் என்பது கிராம மக்களின் நம்பிக்கை.

தினசரிப் பத்திரிகை ஆசிரியரின் வேலையும் அப்படித்தான்.

மாலையில் தந்திகள் வரத் தொடங்கும். எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். டில்லிச் செய்தி, லண்டன் செய்தி, பருத்தி விலை, சட்டசபைப் பேச்சு, கொலை வழக்கு, வெள்ளச் சேதம் எல்லாம் கலந்து வரும். உதவி ஆசிரியர்கள் அவற்றைத் தமிழில் எழுதுவார்கள். அச்சுக் கோப்பவர்கள் ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்குவார்கள். பிழை திருத்துவோர் கண் எரியப் படிப்பார்கள்.

இதற்கு நடுவில் ஆசிரியர் தலையங்கம் எழுத வேண்டும். இயந்திரம் ஓட வேண்டும். ரயில் புறப்படுவதற்குள் பத்திரிகைக் கட்டுகள் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர வேண்டும். ரயில் தவறினால் ஒரு ஜில்லாவே அன்று பத்திரிகை பார்க்காது.

1927-ம் ஆண்டில் விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்கு ரயில் பாதை திறந்திருந்தார்கள். சென்னையில் அச்சான பத்திரிகை மலையடிவாரத்துக்கு வந்து சேர வழி பிறந்தது. 1936-ம் ஆண்டில் ராஜபாளையம் மில் தொடங்கிற்று. படிக்கும் ஆசை கொண்ட தொழிலாளிகள் பெருகினார்கள்.

அவர்களில் பலர் பள்ளியில் இரண்டு மூன்று வகுப்பே படித்தவர்கள். அப்படிப்பட்ட வாசகரை நினைத்துத்தான் சொக்கலிங்கம் எழுதினார். சின்னச் சின்ன வாக்கியம். நேரடியான பேச்சு. அதே சமயம் சூடு இருக்கும். ஒருவர் உரக்கப் படித்தால், சுற்றி இருக்கும் பத்துப் பேருக்கும் புரியும்.

அக்காலத்தில் ஒரு பத்திரிகையை ஒருவர் மட்டும் படிப்பதில்லை. டீக்கடையில், சலூனில், சாவடித் திண்ணையில் ஒருவர் படிக்க ஊரே கேட்கும். எழுத்துத் தெரியாதவர்களும் பத்திரிகை "படித்த" காலம் அது.

தேர்தலும் யுத்தமும்

1937-ம் ஆண்டில் தேர்தல் நடந்தது. காங்கிரஸ் பெரும் வெற்றி பெற்றது. சொக்கலிங்கமும் சென்னை சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1939-ம் ஆண்டில் இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. எங்கேயோ ஐரோப்பாவில் நடக்கும் சண்டை நமக்கு என்ன என்று முதலில் ஜனங்கள் நினைத்தார்கள். 1942-ம் ஆண்டில் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. பர்மா அரிசி வருவது நின்றது. அரிசி விலை ஏறிற்று. யுத்தம் என்பது வீட்டுப் பானைக்குள்ளேயே வந்துவிட்டது!

அந்த ஏப்ரல் மாதம் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டன. சென்னை காலியாயிற்று. பட்டணத்துக் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு ரயில் ஏறிச் சொந்த ஊருக்கு ஓடிவந்தன.

அத்தகைய நேரத்தில் ஜனங்களுக்குச் செய்தி மட்டும் போதாது. செய்திக்குப் பொருள் வேண்டும். பர்மாவில் விழும் குண்டுக்கும் ராஜபாளையம் சந்தையில் விற்கும் அரிசிக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர் சொல்ல வேண்டும். வதந்தி எது, நிஜம் எது என்று பிரித்துக் காட்ட வேண்டும். அதுவும் சர்க்காரின் தணிக்கைக்குத் தப்பிச் சொல்ல வேண்டும்.

ஆற்று நீர் கலங்கினால் வடிகட்டிக் குடிக்கலாம். செய்தி கலங்கினால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? அதனால்தான் பத்திரிகை ஆசிரியருக்கு அவ்வளவு பொறுப்பு.

நாற்காலியை விட்டு எழுந்தார்

1943-ம் ஆண்டு. "தினமணி"க்கு 9 வயது. சொக்கலிங்கத்தின் பெயர் தமிழ்நாடெங்கும் தெரிந்திருந்தது. இனி அவருக்குக் குறை இல்லை என்று பார்க்கிறவர்கள் நினைத்தார்கள்.

அப்போதுதான் பத்திரிகை உரிமையாளருக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு முற்றிற்று.

உலகத்தில் எங்கும் உள்ள சிக்கல் இது. பத்திரிகைக்குப் பணம் போடுகிறவர் ஒருவர். எழுதுகிறவர் ஒருவர். இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்தாலும் ஒரு நாள் உரசல் வரும். உரிமையாளருக்கும் நியாயம் உண்டு. நஷ்டம் வந்தால் அவர்தானே தாங்க வேண்டும்? ஆசிரியருக்கும் நியாயம் உண்டு. எழுத்துக்கு அவர்தானே ஜனங்களிடம் பதில் சொல்ல வேண்டும்?

சமாதானம் ஏற்படவில்லை. சொக்கலிங்கம் ராஜினாமா செய்தார்.

அதோடு விஷயம் முடியவில்லை. அவரோடு வேலை பார்த்த உதவி ஆசிரியர்களில் பலரும் எழுந்து வெளியே வந்தார்கள்! அவர்களில் புதுமைப்பித்தனும் ஒருவர்.

அது யுத்த காலம். அரிசி ரேஷனில். எந்தச் சாமானும் நியாய விலைக்குக் கிடைக்காது. வேலையை விட்டால் வேறு வேலை கிடைப்பது குதிரைக் கொம்பு. ஒவ்வொருவருக்கும் குடும்பம் இருந்தது. அப்படி இருந்தும் ஆசிரியர் போனால் நாங்களும் போவோம் என்று கிளம்பினார்கள்.

ஒரு மனிதரை அவரிடம் வேலை பார்த்தவர்கள் எப்படி மதித்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? பணத்தால் வாங்க முடியாத மரியாதை அது.

"தினமணி" நின்றுவிடவில்லை. சிவராமன் 1944-ம் ஆண்டில் ஆசிரியர் ஆனார். 1987-ம் ஆண்டு வரை, 43 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். சொக்கலிங்கம் போட்ட அஸ்திவாரம் பலமாகவே இருந்தது.

சொந்தப் பத்திரிகை

வெளியே வந்தவர் சும்மா இருக்கவில்லை. 1944-ம் ஆண்டில் "தினசரி" என்ற பெயரிலேயே ஒரு தினசரி தொடங்கினார். கூட வந்தவர்களுக்கும் அங்கே இடம் கொடுத்தார்.

இந்தத் தடவை உரிமையாளர் தொல்லை இல்லை. ஆனால், அதைவிடப் பெரிய தொல்லை வந்தது. பணம்!

யுத்த காலத்தில் காகிதம் கிடைப்பது கஷ்டம். இயந்திரம், மை, ஆட்களின் சம்பளம் என்று செலவு வாயைப் பிளந்து கொண்டிருந்தது. காகிதக் கடைக்காரர் தலையங்கத்தைப் பார்த்துக் கடன் கொடுப்பாரா? அழகாக எழுதத் தெரிந்தவர்களுக்கு வரவு செலவு பார்க்கத் தெரிவதில்லை என்று ஊரில் சொல்வார்கள். கடை நடத்திய சொக்கலிங்கத்துக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. ஆனால், தினசரிப் பத்திரிகை யானையைக் கட்டித் தீனி போடுவது போன்றது.

"தினசரி" நெடுங்காலம் நிலைக்கவில்லை. அது நின்றபின் "ஜனயுகம்", "பாரதம்" என்று வேறு பத்திரிகைகளை நடத்தினார். "நவசக்தி"க்கும் ஆசிரியராக இருந்தார். ஒரு பத்திரிகை போனால் இன்னொரு பத்திரிகை. பேனாவை மட்டும் அவர் கீழே வைக்கவில்லை.

1943-ம் ஆண்டில் அவர் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் இந்தக் கஷ்டம் எதுவும் வந்திருக்காது. அந்த முடிவுக்கு அவர் கொடுத்த விலை பெரிது. அது அவருக்கு வெற்றியா, தோல்வியா?

பணக் கணக்கில் பார்த்தால் தோல்விதான். ஆனால், தம் மனத்துக்குச் சரி என்று படாத ஒன்றுக்காக அவர் பேனாவைப் பிடிக்கவில்லை. அந்தக் கணக்கு வேறு.

டால்ஸ்டாய் தமிழ் பேசினார்

பத்திரிகை எழுத்து ஒரு நாளில் பழசாகிவிடும். மறுநாள் அது பொட்டலம் கட்டப் பயன்படும். சொக்கலிங்கத்துக்கு இது தெரியும். அவர் புத்தகங்களும் எழுதினார்.

பெரியவர்களைத் தாம் முதன்முதலில் சந்தித்த அனுபவங்களை "எனது முதல் சந்திப்பு" என்ற நூலாக எழுதினார். விருதுநகரில் பிறந்து நாட்டின் பெருந்தலைவராக உயர்ந்த காமராஜின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார்.

எல்லாவற்றிலும் பெரிய காரியம் ஒன்று உண்டு. ருஷ்ய நாட்டின் மாபெரும் எழுத்தாளர் டால்ஸ்டாய். காந்தியடிகள் தம் குருவைப் போல மதித்தவர். அவர் எழுதிய "போரும் அமைதியும்" என்ற மிகப் பெரிய நாவலைச் சொக்கலிங்கம் தமிழில் மொழிபெயர்த்தார்.

அது சாதாரண வேலை அல்ல. 1812-ம் ஆண்டில் நெப்போலியன் ருஷ்யாமீது படையெடுத்த கதை அது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் வாயில் நுழையாத பெயர். ஆயிரக்கணக்கான பக்கங்கள். படித்து முடிப்பதற்கே பலருக்குப் பொறுமை இருக்காது.

தினசரித் தலையங்கம் எழுதிப் பழகிய கை, அந்தக் கடலை நீந்திக் கடந்தது. ருஷ்யப் பனியில் நடுங்கும் சிப்பாயும், மகனைப் பறிகொடுத்த தாயும் தமிழில் பேசினார்கள். தமிழில் வந்த பெரிய மொழிபெயர்ப்புகளில் ஒன்று என்று அது இன்றும் போற்றப்படுகிறது.

12 வயதில் பள்ளிக்கூடத்தை விட்ட பையன் செய்த காரியம் இது என்பதை மறந்துவிடக் கூடாது!

கடைசி நாட்கள்

சுதந்திரம் வந்தது. குடியரசு வந்தது. அய்யனார் கோவில் ஆற்றங்கரையைச் சேர்ந்த ராஜபாளையத்திலிருந்து பி. எஸ். குமாரசாமி ராஜா 1949-ம் ஆண்டில் மாகாணத்தின் முதல் மந்திரி ஆனார். 1954-ம் ஆண்டில் காமராஜ் முதல் மந்திரி ஆனார். கிராமம் தோறும் பள்ளிக்கூடங்கள் திறந்தன. பள்ளியில் மத்தியானச் சோறு போட்டார்கள். மாடு மேய்த்த பிள்ளைகள் சிலேட்டை எடுத்தார்கள். 

பத்திரிகை படிக்கும் கூட்டம் பல மடங்கு பெருகிற்று. காலணா பத்திரிகை நடத்திய காலத்தில் சொக்கலிங்கம் எந்த ஜனங்களுக்காக எழுதினாரோ, அந்த ஜனங்களின் பிள்ளைகள் தாங்களே படிக்கத் தொடங்கினார்கள்.

அதைக் கண்ணாரப் பார்த்துவிட்டு, 1966-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி சொக்கலிங்கம் காலமானார். அவருக்கு வயது 66.

இரண்டே நாளில், ஜனவரி 11-ந் தேதி, பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி தாஷ்கண்ட் நகரில் திடீரென்று காலமானார். நாடே துக்கத்தில் மூழ்கியது. பத்திரிகை அலுவலகங்களில் எல்லாம் அன்று விடிய விடிய வேலை. எத்தனையோ பெரிய செய்திகளுக்குத் தலையங்கம் எழுதிய பேனா மன்னர், அந்தச் செய்தியை எழுத இல்லை.

மே மாதம் 3-ந் தேதி

ஒரு பொருத்தத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது.

1993-ம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை, ஆண்டில் ஒரு நாளை உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளாகக் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தது. அந்த நாள் மே 3. சொக்கலிங்கம் பிறந்த தேதியும் அதுவே!

எழுதும் உரிமைக்காக நாற்காலியை விட்டு எழுந்த மனிதரின் பிறந்த நாளும், உலகம் முழுவதும் எழுதும் உரிமையைக் கொண்டாடும் நாளும் ஒன்றாக அமைந்துவிட்டன.

அய்யனார் கோவில் ஆற்றங்கரையில், அமாவாசைக் கூட்டத்தில், சோற்றுப் பொட்டலம் கட்டி வந்த தாளை ஏதோ ஒரு குழந்தை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கும். படிக்கத் தெரியாத பாட்டி, மேலே படி என்று தலையை ஆட்டுவாள்.

அந்தக் குழந்தைக்குச் சொக்கலிங்கத்தின் பெயர் தெரியாது. ஆனால், அது தடங்கல் இல்லாமல் படிக்கிறதே, பாட்டிக்கும் அது புரிகிறதே, அந்த எளிய தமிழுக்குப் பின்னால் தென்காசிக் கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் இருக்கிறான்.